பெட்டிக்குள் என்ன? ஞானதிருஷ்டியைச் சோதிக்க விடையைப் பூட்டி வைக்கும் வித்தை

அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்றொரு மேஜிக் நிபுணர் இருந்தார். மேடையில் ஜனங்களை ஏமாற்றிச் சம்பாதித்தவர் என்பதால், மேடைக்கு வெளியே ஏமாற்றுகிறவர்களை அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். அமானுஷ்ய சக்தி இருப்பதாகச் சோதனையில் நிரூபித்துக் காட்டுகிறவருக்கு ஆயிரம் டாலர் தருவதாக 1964இல் அறிவித்தார். 1996இல் அந்தப் பரிசு பத்து லட்சம் டாலராக உயர்ந்தது. 2015 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். ஒருவர்கூடப் பரிசை வாங்கவில்லை.

இந்தச் சவாலின் பக்கவாட்டில் ஒரு சின்ன விளையாட்டும் நடந்தது. ராண்டி ஒரு பெட்டிக்குள் ஏதோ ஒரு பொருளை வைத்துப் பூட்டினார். இருந்த இடத்திலிருந்தே தூரத்துப் பொருளைப் பார்ப்பேன் என்கிறவர்கள் அது என்னவென்று சொல்லட்டும் என்றார். கூடவே ஒரு வரி எண்களையும் வெளியிட்டார். உள்ளே இருக்கும் பொருளின் பெயர் அந்த எண்களில் சங்கேதமாக ஒளிந்திருந்தது. பிற்பாடு பெட்டியைத் திறக்கும்போது “நீங்கள் பொருளை மாற்றிவிட்டீர்கள்” என்று யாரும் குற்றம் சொல்லக்கூடாது அல்லவா, அதற்காக.

2007இல் மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்புப் பேராசிரியரும் யூட்டா டெகெனர் என்ற நிரலாளரும் அந்த எண்களை உற்றுப் பார்த்தார்கள். முதல் பத்து இலக்கங்கள் ஒரு புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண் போலத் தெரிந்தன. தேடினால் அது ஓர் ஆங்கில அகராதி. மிச்சமிருந்த எண்கள் பக்கத்தையும், அந்தப் பக்கத்தில் சொல் இருக்கும் இடத்தையும் காட்டின. அகராதியைப் புரட்டினார்கள். குறுந்தகடு, அதாவது சிடி. ராண்டியும் அதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஞானதிருஷ்டி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு அகராதி போதுமானதாக இருந்தது.

ஏமாற்றுக்காரர்களின் எல்லா உத்தியையும் கரைத்துக் குடித்தவர் இங்கே கோட்டை விட்டதுதான் எனக்குச் சுவாரசியம். அவர் கேட்ட கேள்வி சரியானது. விடையைப் பூட்டிய விதத்தில்தான் பிசகு.

முதலில், சங்கேதம் எதற்கு? விடையை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதாதா? போதாது. இப்படிப்பட்ட சோதனையில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்பாது. சக்தி உண்டு என்கிறவர் விடையைத் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொள்வாரோ என்று சோதிப்பவருக்குச் சந்தேகம். நான் சரியாகச் சொன்னாலும் இவர் கடைசி நிமிடத்தில் பொருளை மாற்றிவிட்டுத் தப்பு என்பாரோ என்று மற்றவருக்குச் சந்தேகம். இரண்டுமே நியாயமான சந்தேகம்தான். ஆக, முன்கூட்டியே வெளியிடப்படும் அந்தப் பூட்டுக்கு இரண்டு வேலை இருக்கிறது. விடை என்னவென்று அது காட்டிக்கொடுக்கக் கூடாது. பூட்டியவரே பின்னால் விடையை மாற்றவும் விடக் கூடாது. ஒன்று மறைப்பது, மற்றது கட்டிப்போடுவது.

கணினித் துறையில் இதற்கு கமிட்மென்ட் என்று பெயர். 1981இல் மானுவல் ப்ளூம் என்ற அறிஞர் இதைத் தொலைபேசியில் காசு சுண்டும் கதையாக விளக்கினார். விவாகரத்தாகி வேறு வேறு ஊரில் இருக்கும் இருவர், கார் யாருக்கு என்பதைப் போனிலேயே பூவா தலையா போட்டு முடிவு செய்ய வேண்டும். காசைச் சுண்டுகிறவர் பொய் சொன்னால் என்ன செய்வது? மூடிய பெட்டியும் அதே சிக்கல்தான், கார் மட்டும் இல்லை.

மறைத்துவிட்டுக் கட்டிப்போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1610இல் நடந்த ஒரு கூத்து நல்ல உதாரணம். அந்தக் காலத்து விஞ்ஞானிகள் ஒரு கண்டுபிடிப்பை முழுதாக உறுதி செய்யும் முன்பே அதற்கு உரிமை கொண்டாட விரும்பினால், அதை லத்தீனில் ஒரு வாக்கியமாக எழுதி, எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வெளியிடுவார்கள். கலிலியோ தொலைநோக்கியில் சனிக் கோளைப் பார்த்தார். நடுவில் ஒரு கோளும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று தெரிந்தன. அவருடைய தொலைநோக்கியில் வளையம் அப்படித்தான் தெரிந்தது. “மிக உயரத்தில் இருக்கும் கோளை மூன்றாகக் கண்டேன்” என்ற வாக்கியத்தைக் கலைத்து 37 எழுத்துகளாக அனுப்பினார்.

அது கெப்ளரின் கைக்குப் போனது. அவர் மண்டையை உடைத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே எழுத்துகளை வைத்து வேறொரு வாக்கியத்தைக் கட்டிவிட்டார். செவ்வாயின் இரட்டைப் பிள்ளைகளை வாழ்த்தும் வாக்கியம்! அதாவது செவ்வாய்க்கு இரண்டு நிலா என்று. பூமிக்கு ஒன்று, வியாழனுக்கு நான்கு என்றால் நடுவில் இருக்கும் செவ்வாய்க்கு இரண்டு என்பது அவருக்குப் பொருத்தமாகவும் பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்கு நிஜமாகவே இரண்டு நிலாக்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை மனிதன் முதன்முதலாகப் பார்த்தது 1877இல். இதைக் கெப்ளரின் தீர்க்கதரிசனம் என்று சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறு. ஒரே எழுத்துக் குவியலிலிருந்து சனியும் வருகிறது, செவ்வாயும் வருகிறது. அப்படியென்றால் அந்தக் குவியல் யாரையும் கட்டிப்போடவில்லை. கலிலியோ மனசாட்சி உள்ளவராக இல்லாதிருந்தால், “ஆமாம், நான் சொன்னது செவ்வாயின் நிலாக்களைத்தான்” என்று சொல்லியிருக்கவும் முடியும்.

ராண்டியின் எண்வரிசையிலும் இதே ஓட்டை. பக்கத்தில் எத்தனையாவது சொல் என்று எண்ணும்போது மேலிருந்தா, கீழிருந்தா? தலைச்சொற்களை மட்டுமா, ஒவ்வொரு சொல்லையுமா? விதி எங்கேயும் எழுதப்படவில்லை. வேண்டிய பொருளைக் காட்டுவதற்கு விதியைக் கொஞ்சம் வளைத்தால் போயிற்று. ராண்டி அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை. செய்திருக்க முடியும் என்பதே ஒரு சோதனைக்குக் குறைதான். மறைக்கும் வேலையும் நடக்கவில்லை, கட்டிப்போடும் வேலையும் நடக்கவில்லை.

சரி, இரண்டையும் செய்கிற பூட்டு எது? இன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஹாஷ். அரிசியை மாவாக்கிய பிறகு மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது இல்லையா, ஹாஷ் என்பது எழுத்துக்கு அப்படியொரு அரைவை இயந்திரம். ஒரு சொல்லைப் போட்டாலும் ஒரு முழுப் புத்தகத்தைப் போட்டாலும் வெளியே வருவது ஒரே நீளம். ஷா-256 என்ற வகையில் அது 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரம். உள்ளே போட்டதில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அதே சரத்தைத் தரக்கூடிய இன்னொரு வாக்கியத்தை இதுவரை யாராலும் உருவாக்க முடிந்ததில்லை. ஆக, விடையை எழுதி, அதன் ஹாஷை மட்டும் நாலு பேர் பார்க்க வெளியிட வேண்டும். சோதனை முடிந்ததும் விடையைச் சொன்னால், யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் அதை அரைத்துப் பார்த்து ஒப்பிடலாம்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு குழியில் விழுவார்கள். விடை “கத்தரிக்கோல்” என்றால், அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் ஹாஷ் செய்து வெளியிடுவார்கள். எதிராளி என்ன செய்வான்? அகராதியில் இருக்கும் எல்லாச் சொல்லையும் வரிசையாக ஹாஷ் செய்து, எது பொருந்துகிறது என்று பார்ப்பான். ஒன்றிரண்டு லட்சம் சொற்கள் இன்றைய லேப்டாப்புக்கு ஒரு பொருட்டே இல்லை, காபி ஆறும் முன்பே முடிந்துவிடும். அதனால் விடையோடு யாராலும் ஊகிக்க முடியாத ஒரு வாலையும் சேர்க்க வேண்டும். “பெட்டியில் இருப்பது சிவப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல்” என்று எழுதி, பகடையை நாற்பது ஐம்பது தடவை உருட்டி வந்த எண்களை அதன் பின்னால் ஒட்டினால் ஆயிற்று. இந்த வாலைக் கணினிக்காரர்கள் சால்ட் என்பார்கள். பகடைக்குப் பதிலாகப் பிறந்த தேதியையோ வண்டி எண்ணையோ போட்டால் வால் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அரைவை இயந்திரமும் நல்லதாக இருக்க வேண்டும். எம்டி5 என்று பழைய ஹாஷ் ஒன்று உண்டு. 2007 நவம்பரில் மார்க் ஸ்டீவன்ஸ், அர்யென் லென்ஸ்ட்ரா, பென்னே டி வெகர் என்ற மூன்று ஆய்வாளர்கள், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயிக்கப் போவது யாரென்று தங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, விடையின் எம்டி5 ஹாஷை மட்டும் வெளியிட்டார்கள். கணிப்பைச் செய்தது பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ விளையாட்டுக் கருவி என்றும் சொன்னார்கள். விஷயம் என்னவென்றால் அவர்கள் பன்னிரண்டு பிடிஎஃப் கோப்புகளைத் தயாரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். பன்னிரண்டுக்கும் ஹாஷ் ஒன்றே! எவர் ஜெயித்தாலும் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டி, “பார்த்தீர்களா?” என்று கேட்கலாம். எம்டி5 இனி யாரையும் கட்டிப்போடாது என்பதைக் காட்டத்தான் இதைச் செய்தார்கள். ஒரு தொழில்நுட்பக் குறையை இதைவிடக் குறும்பாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

நல்ல ஹாஷை வைத்தும் இதே மோசடியைச் செய்யலாம். பன்னிரண்டு கணிப்புகளைத் தனித்தனியாக ஹாஷ் செய்து பன்னிரண்டு இடங்களில் போட்டுவிட்டு, பலித்ததை மட்டும் திறந்து காட்டினால்? மிச்சம் பதினொன்று என்னவென்று யாரும் கேட்கப் போவதில்லை. ஜோசியக்காரர்களின் பழைய தந்திரம்தான் இது, ஹாஷ் அதற்கு ஒரு புதுச் சட்டையை மாட்டிவிடுகிறது. ஒருவர் மொத்தம் எத்தனை பூட்டு போட்டிருக்கிறார் என்பதும் வெளியில் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கும் விடையைப் பற்றி. மனிதர்களின் தலைக்குள் இருக்கும் விடைக்குப் பூட்டு கிடையாது. விடை தெரிந்தவர் சோதனை நடக்கும் அறையில் இருந்தாலே அது கசியும். ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று ஊரெல்லாம் பேசப்பட்ட ஹான்ஸைச் சோதித்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் காட்டியது இதைத்தான். கேட்பவருக்கு விடை தெரிந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் தம்மையறியாமல் கொஞ்சம் அசைந்தன, குதிரை அதைப் பார்த்துக் குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது. ஆகவே பெட்டியில் பொருளை வைத்தவர் ஒருவராகவும், சோதனையை நடத்துகிறவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். நடத்துகிறவருக்கு விடை தெரியவே கூடாது.

பொருளுக்கு ஒட்டும் அடையாளச் சீட்டும் ஒரு சங்கேதம்தான். அதிலும் கோட்டை விட்டவர்கள் உண்டு. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மெக்டானல் என்ற விமானத் தொழிலதிபர் தந்த ஐந்து லட்சம் டாலரில் ஓர் அமானுஷ்ய ஆய்வகம் நடந்தது. ராண்டி 1979இல் தன் ஆட்களான இரண்டு இளைஞர்களை அங்கே சக்தி படைத்தவர்களாக நடிக்க அனுப்பினார். ஸ்பூன் வளைக்கும் சோதனைக்கு ஒவ்வொரு ஸ்பூனிலும் எண் எழுதிய சீட்டை நூலில் கட்டி, முன்பும் பின்பும் அளவெடுத்தார்கள். பையன்கள் ஸ்பூனைத் தொட்டு வளைக்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஸ்பூன்களின் சீட்டைக் கழற்றி மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஸ்பூனுக்கு ஸ்பூன் வடிவம் கொஞ்சம் வித்தியாசப்படும் அல்லவா, அதனால் அளவு மாறியிருந்தது. சக்தியால் வளைந்துவிட்டது என்று பதிவானது. 1983இல் ராண்டி நிருபர்களை அழைத்து உண்மையை உடைத்தார்.

இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்கிறவர்களைச் சோதிக்கும்போது சங்கேதம் இன்னும் சுவையாகிறது. பெட்டியைப் பூட்டியவரே உயிரோடு இல்லையே!

பூட்டுகளிலிருந்து தப்பிப்பதில் பேர்போன ஹாரி ஹூடினி 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார். கடைசிக் காலத்தில் ஆவி பேசுகிறவர்களின் குட்டை உடைப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. தான் செத்த பிறகு யாராவது தன் ஆவியோடு பேசியதாகச் சொன்னால் சரிபார்ப்பதற்காக, மனைவி பெஸ்ஸிடம் ஒரு சங்கேதச் செய்தியை விட்டுப் போயிருந்தார். அந்தச் சங்கேதம் அவர்கள் இளமையில் செய்த மனம் படிக்கும் வித்தையிலிருந்து வந்தது. நம் ஊர்த் தெரு வித்தையில் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் பையன், கூட்டத்தில் ஒருவர் நீட்டுவது கடிகாரம் என்று சொல்வானே, கிட்டத்தட்ட அதே உத்தி. கேள்வி கேட்கும் விதத்திலேயே பதில் ஒளிந்திருக்கும்.

ஹூடினியின் முறையில் பத்து எண்களுக்குப் பத்து ஆங்கிலச் சொற்கள். ‘ப்ரே’ என்றால் 1, ‘ஆன்சர்’ 2, ‘டெல்’ 5, ‘லுக்’ 9, இப்படி. எண்ணை ஆங்கில எழுத்து வரிசையில் வைத்துப் பார்த்தால் எழுத்து கிடைக்கும். ஆன்சர் என்றால் இரண்டாம் எழுத்து பி. டெல் என்றால் ஐந்தாம் எழுத்து இ. ப்ரே-ஆன்சர் சேர்ந்து வந்தால் 12, அதாவது எல். லுக் என்றால் ஐ. மறுபடி டெல், இ. ஆன்சர்-ஆன்சர் 22, அது வி. கடைசியாக இன்னொரு டெல். சேர்த்துப் படித்தால் ‘பிலீவ்’, நம்பு என்று பொருள். 1929 ஜனவரியில் ஆர்தர் ஃபோர்ட் என்ற ஆவி மீடியம் பெஸ்ஸின் முன்னால் இந்தச் சொல் வரிசையை அப்படியே சொன்னார். பத்திரிகைகள் கொண்டாடின.

ஆனால் பெஸ்ஸின் உதவியோடு எழுதி 1928இல் வெளிவந்திருந்த ஹூடினியின் வாழ்க்கை வரலாற்றில் எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்ற பட்டியல் அச்சாகியிருந்தது. சங்கேதத்தின் சாவி புத்தகக் கடையில் விற்றுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். செய்தி ஃபோர்டின் காதுக்கு எப்படிப் போனது என்பதில் அப்போதே பல பேச்சு இருந்தது. அந்த விசாரணைக்குள் நாம் போகவே வேண்டாம். சாவி அச்சில் இருந்தது, செய்தி உயிரோடிருந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்ற இரண்டு விஷயங்களே அந்தச் சோதனை செல்லாது என்பதற்குப் போதும். பெஸ் பிற்பாடு அதைத் தன் கணவரின் செய்தியாக ஏற்கவில்லை. ஹூடினியின் பத்தாவது நினைவு நாளில், ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் கடைசியாக ஒருமுறை ஆவியை அழைத்துப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

யாரிடமும் செய்தியைச் சொல்லாமல் உறையில் போட்டு ஒட்டினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஆவி ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் மையர்ஸ், ஒட்டிய உறையொன்றை ஆலிவர் லாட்ஜ் என்ற இயற்பியலாளரிடம் கொடுத்துவிட்டு 1901இல் இறந்தார். உறைக்குள் இருப்பது இதுதான் என்று ஒரு மீடியம் எழுதியதை நம்பி 1904 டிசம்பரில் சங்கத்தார் முன்னிலையில் உறையைப் பிரித்தார்கள். பொருந்தவில்லை. அதோடு உறையின் ஆயுளும் முடிந்தது. ஒருமுறை பிரித்த உறையை வைத்து இரண்டாவது ஆளைச் சோதிக்க முடியாதே.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் ராபர்ட் தௌலெஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். 1948இல் அவர் செய்தது, என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான காரியம். சங்கேதமாக மாற்றிய செய்தியை எல்லோரும் பார்க்க அச்சில் வெளியிட்டார். சாவிச் சொல்லைத் தன் மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டார். தான் இறந்த பிறகு எந்த மீடியமாவது சாவியைக் கேட்டுச் சொல்லட்டும். தப்பான சாவியைப் போட்டால் குப்பை எழுத்துகள் வரும், சரியான சாவியைப் போட்டால் ஆங்கில வாக்கியம் வரும். ஆயிரம் பேர் ஆயிரம் தடவை முயலலாம், சோதனை பழுதாகாது. நடுவர் யாரும் தேவையில்லை, செய்தியே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

பலவீனம் ஒன்றுதான். சாவி இல்லாமலே யாராவது பூட்டை உடைத்துவிடலாம். முதலில் வெளியிட்டவற்றில் ஒன்றை ஒரு வாசகர் சில வாரங்களிலேயே உடைத்துவிட்டார், தௌலெஸ் உயிரோடு இருக்கும்போதே. அவர் இன்னும் கடினமான ஒன்றைச் சேர்த்தார். 1984இல் இறந்தார். மீடியம்கள் சொன்ன சாவி எதுவும் பொருந்தவில்லை. 1990களின் நடுவில் ஜிம் கில்லொக்லி, லேரி ஹார்னிஷ் என்ற இருவர் கணினியை ஓடவிட்டு அந்தக் கடினமான பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்த செய்தி: நான் சாவிச் சொற்களைத் தராமல் இந்தச் சங்கேதத்தைப் படிக்க முடியாது. பாவம் தௌலெஸ்!

மறுபிறவி ஆய்வுகளால் இந்தியாவிலும் இலங்கையிலும் பலருக்குத் தெரிந்த இயன் ஸ்டீவன்சன் சங்கேதத்துக்குப் பதிலாக எண் பூட்டையே வைத்தார். தானே எண்ணை அமைத்து, சாவியை மனத்தில் வைத்துக்கொண்டு 2007இல் இறந்தார். தௌலெஸின் யோசனையின் இரும்பு வடிவம் அது. இதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

கணினியும் வேண்டாம், ஹாஷும் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கோவூரின் வழி இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பந்தயம் கட்டினார். அவர் போட்ட பட்டியலில் வரும் ஒரு சவால், உறையில் ஒட்டிய ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைச் சொல்வது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆறு இலக்கம் என்றால் ஊகித்துச் சொல்லிப் பலிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. எண் நோட்டிலேயே அச்சாகியிருக்கிறது, அதனால் சோதிப்பவர் அதைத் திருத்தவும் முடியாது. “வட்டமான ஏதோ தெரிகிறது, உலோகம் மாதிரி, பழைய நினைவோடு சம்பந்தப்பட்டது” என்று மழுப்பவும் வழியில்லை. சொன்ன எண் பொருந்தும், இல்லையென்றால் பொருந்தாது. ஒரு கட்டு நோட்டிலிருந்து பார்க்காமல் ஒன்றை உருவி ஒட்டிவிட்டால், அறையில் இருப்பவர் யாருக்குமே விடை தெரியாது. ராண்டியின் அகராதி எண்ணைவிட இது எவ்வளவோ மேல்.

நீங்களே நண்பர்களோடு ஹாஷ் முறையில் செய்து பார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை, குறிப்பாகத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு. விடையையும் வாலையும் ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பையே ஹாஷ் செய்யுங்கள். வெளிப்படுத்தும் நாளில் அதே கோப்பைக் கொடுங்கள், மறுபடி தட்டச்சு செய்து கொடுக்காதீர்கள். ஒரு காலி இடம் கூடினாலே சரம் மாறிவிடும். அதோடு ‘கொ’ போன்ற எழுத்தில் இரண்டு பக்கமும் வரும் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கும், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஹாஷ் மட்டும் வேறு வேறாக வரும்.